பட்டாளத்திலும் பள்ளிக்கூடம் உண்டு



போன மாதம் எங்கள் வகுப்பில் அரையாண்டுத் தேர்வுத் தாள் கொடுத்தார்கள். ஒரு மாணவன் குறைந்த மதிப்பெண் வாங்கிவிட்டு, "படிப்பு ஏறலன்னா பட்டாளத்துக்குப் போயிடுவேன்" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் என் தாளில் கணக்குக்கு 31 தான் போட்டிருந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் மாமா (அம்மாவின் அண்ணன்) வீட்டுக்கு வந்திருந்தார். அவர் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மாணவன் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பட்டாளத்துல படிப்பு இல்லைன்னு யார் சொன்னா? நான் பார்த்ததிலேயே பெரிய பள்ளிக்கூடம் பட்டாளம்தான்" என்றார். அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

சிப்பாயும் மாணவனே

காலையில் நம் டவுன்ஷிப் சாலையில் வரிசையாக ஓடுகிறவர்களைப் பார்த்து நான் சின்ன வயதில் "மிலிட்டரி, மிலிட்டரி" என்று கத்துவேன். அவர்கள் சி.ஐ.எஸ்.எஃப். என்னும் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையினர். அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருபவை. இந்த வித்தியாசமே எனக்கு இப்போதுதான் தெரியும்.

மாமா சேர்ந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட் 1758-இல் தொடங்கியது. அதன் பயிற்சி மையம் நீலகிரி மாவட்டத்தில் குன்னூருக்குப் பக்கத்தில் உள்ள வெலிங்டனில் இருக்கிறது. அங்கே ஓட்டமும் துப்பாக்கியும் மட்டும் கற்றுத் தரவில்லையாம். வரைபடம் படிக்க, திசைகாட்டி பார்க்க, முதலுதவி செய்ய, இந்தி பேச என்று வகுப்பு வகுப்பாக நடக்குமாம். "மேப் கிளாஸ்ல தூங்கினா மலையில தொலைஞ்சு போவே" என்று வாத்தியார் ஹவில்தார் சொல்வாராம்.

நாயக் ஆக வேண்டுமா, ஹவில்தார் ஆக வேண்டுமா, ஒவ்வொரு படிக்கும் ஒரு படிப்பு, ஒரு தேர்வு. மாமாவுக்கு ஹவில்தாருக்கு மேலே போகும் தேர்வில் வரைபடத் தாள் போய்விட்டது. "என்கூட ஒரே நாள்ல சேர்ந்தவன் நாயப் சுபேதார் ஆனான். ஓட்டத்துல நான்தான் அவனுக்கு முன்னால. தாள்ல அவன் எனக்கு முன்னால" என்றார். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. 2023 முதல் தரைப்படையில் சிப்பாயாகச் சேர, ஓடிக் காட்டுவதற்கு முன்பே கணினி வழியாக எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். ஆகவே படிப்பு ஏறாவிட்டால் பட்டாளத்தின் வாசலிலேயே நின்றுவிட வேண்டியதுதான்!

மேஜர்கள் பையோடு போகும் கல்லூரி

மாமா கடைசி மூன்று வருடம் அதே வெலிங்டனில் வண்டி ஓட்டினார். அங்கே இன்னொரு பெரிய நிறுவனம் உண்டு. அதன் பெயர் டிஃபென்ஸ் சர்வீசஸ் ஸ்டாஃப் காலேஜ். தமிழில் பாதுகாப்புப் பணிகள் ஸ்டாஃப் கல்லூரி என்று சொல்லலாம்.

'ஸ்டாஃப்' என்றதும் நம் பள்ளி ஸ்டாஃப் ரூம்தான் எனக்கு நினைவு வந்தது. "டீச்சர்களுக்கு நடத்துற காலேஜா மாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

படையில் ஒரு தளபதி இருப்பார். முடிவு எடுப்பவர் அவர். ஆனால் முடிவு எடுக்க அவருக்கு விவரம் வேண்டும். எதிரி எங்கே இருக்கிறான், எந்தச் சாலை வண்டியைத் தாங்கும், எத்தனை நாள் சாப்பாடு இருக்கிறது, காயம் பட்டவர்களை எங்கே கொண்டுபோவது, மழை எப்போது வரும் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத் திட்டம் எழுதித் தருபவர்கள்தான் ஸ்டாஃப் அதிகாரிகள். அந்த வேலையைக் கற்றுத் தருவதால்தான் ஸ்டாஃப் கல்லூரி என்று பெயர்.

இங்கே சேருகிறவர்கள் நம்மைப் போன்ற சின்னப் பிள்ளைகள் இல்லை. பல வருடம் வேலை பார்த்த மேஜர்கள், கடற்படையிலும் விமானப்படையிலும் அதே நிலையில் உள்ளவர்கள். தரைப்படை அதிகாரிகள் கடினமான போட்டித் தேர்வு எழுதித்தான் உள்ளே வர முடியும். படிப்பு சுமார் 45 வாரம். முடிக்கிறவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பாதுகாப்பு மற்றும் போர்த்திறக் கல்வியில் எம்.எஸ்ஸி. பட்டம் தருகிறது. பட்டத்துக்காக ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும்.

வகுப்பில் சின்னச் சின்னக் குழுவாக உட்காருவார்கள். குழுவுக்கு 'சிண்டிகேட்' என்று பெயர். ஒரு வரைபடத்தை விரித்து, "நீ தளபதி, இப்படி ஒரு நிலைமை, என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்துப் பேசலாம். மூன்று படைக்காரர்களும் ஒரே இடத்தில் படிப்பதால் கப்பல்காரர் கஷ்டம் தரைப்படைக்காரருக்குத் தெரிய வரும். வெளிநாட்டு அதிகாரிகளும் வந்து படிக்கிறார்கள். நைஜீரியாவின் அதிபராக இருந்த ஒலுசெகுன் ஒபசான்ஜோ 1965-இல் இங்கே படித்தவர்தான்.

மாமா சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ராத்திரி பதினோரு மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு வருவாராம். குவார்ட்டர்ஸ் வீடுகளில் வரிசையாக விளக்கு எரியுமாம். "ஒரே மேஜையில ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் புள்ள. ரெண்டு பேருக்கும் மறுநாள் பரீட்சை!"

மாமா போட்ட கணக்கு

"சரி, நீ ஒரு ஸ்டாஃப் அதிகாரி. இந்தக் கணக்கைப் போடு" என்று மாமா எனக்கு ஒரு கணக்கு கொடுத்தார். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

மலை மேல் முகாமில் 800 பேர். ஆளுக்கு ஒரு நாளுக்கு 5 லிட்டர் தண்ணீர். மூன்று நாளுக்கு வேண்டும். முகாமில் இருப்பது 4,000 லிட்டர் பிடிக்கும் ஒரே ஒரு லாரி. ஆறு 20 கிலோமீட்டர் தள்ளி. மலைப்பாதையில் ஒரு வழிக்கு ஒரு மணி நேரம். மொத்தத் தண்ணீரும் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?

நான் போட்டேன். 800 × 5 = 4,000. மூன்று நாளுக்கு 12,000 லிட்டர். லாரி மூன்று நடை. நடைக்கு ஒரு மணி நேரம். ஆக மூன்று மணி நேரம்!

மாமா கேட்டார்: "வண்டி ஆத்துக்குப் போனா போதுமா? திரும்பி வர வேணாமா? தண்ணி நிரப்ப அரை மணி, இறக்க அரை மணி ஆகாதா?" போக 1, வர 1, நிரப்பி இறக்க 1, ஆக ஒரு நடைக்கு 3 மணி நேரம். மூன்று நடைக்கு 9 மணி நேரம். "மூணு மணி நேரம்னு நீ எழுதிக் கொடுத்ததை நம்பி கிளம்பினா, ஆறு மணி நேரம் லேட்டு. வெயில்ல நிக்கிறவன் உன் தாளைப் பார்த்தா கோபப்படுவான்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அரையாண்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். நான் மதிப்பெண் இழந்தது பெருக்கலிலோ வகுத்தலிலோ இல்லை. வாக்கியக் கணக்குகளில் கேள்வியைப் பாதி படித்துவிட்டுப் போட்டிருக்கிறேன். திரும்பி வரும் வண்டியை விட்டுவிட்டேன்!

நம் நெய்வேலியிலும் இதே பாடம் இருக்கிறது. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் நிலத்தடி நீர் இருக்கிறது. அது கீழிருந்து மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். அதனால் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறு போட்டு ராப்பகலாக நீரை இறைக்கிறார்கள். எத்தனை கிணறு, எங்கே, எவ்வளவு இறைக்க வேண்டும் என்று முதலில் கணக்குப் போடாமல் தோண்டினால் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்துவிடும். நாம் பார்த்து வியப்பது பெரிய சக்கர இயந்திரத்தை. ஆனால் அது வேலை செய்வது அந்தக் கணக்கின் மேல்தான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சும்மாவா சொன்னார்கள்!

கல்லூரி பிறந்த கதை

இப்படிப்பட்ட கல்லூரிகள் தோல்வியிலிருந்து பிறந்தவை. 1806-இல் நெப்போலியனிடம் பிரஷ்யா (இன்றைய ஜெர்மனியின் ஒரு பகுதி) படுதோல்வி அடைந்தது. 'ஏன் தோற்றோம்?' என்று உட்கார்ந்து யோசித்தவர்களில் ஒருவர் ஷார்ன்ஹோர்ஸ்ட். அவர் முயற்சியால் 1810-இல் பெர்லினில் அதிகாரிகளுக்கான போர்க் கல்விக்கூடம் தொடங்கியது. பிறகு மற்ற நாடுகளும் அந்த வழியில் வந்தன.

இந்தியாவில் ஆங்கிலேயர் காலத்தில் 1905-இல் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் ஸ்டாஃப் கல்லூரி தற்காலிகமாகத் தொடங்கப்பட்டது. 1907-இல் குவெட்டாவுக்குப் போனது. 1947-இல் நாடு பிரிந்தபோது குவெட்டா பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. கல்லூரியும் அங்கேயே நின்றுவிட்டது. நமக்குப் புதிதாக ஒன்று வேண்டும். அதற்குத் தேர்ந்தெடுத்த இடம்தான் நம் தமிழ்நாட்டு வெலிங்டன். எஸ்.டி. வர்மா என்பவர் முதல் கமாண்டன்ட். 1948 ஏப்ரலில் முதல் வகுப்பு தொடங்கியது. குவெட்டாவில் பாகிஸ்தானின் கல்லூரி இன்றும் நடக்கிறது. ஒரே பள்ளியில் படித்தவர்கள் இரண்டு பக்கமாக நின்று போரிட்டார்கள் என்று நினைத்தால் மனசு என்னவோ போல் ஆகிறது.

பொறுத்து வென்ற போர்

சாம் மானெக்‌ஷா 1943-இல் குவெட்டாவில் படித்தவர். 1959 முதல் 1961 வரை வெலிங்டன் கல்லூரியின் கமாண்டன்டாக இருந்தவர். 1971-இல் அவர் தரைப்படைத் தளபதி. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். ஏப்ரலில் பிரதமர் இந்திரா காந்தி 'இப்போதே படை போக முடியுமா?' என்று கேட்டபோது, முடியாது என்று சொன்னதாக மானெக்‌ஷாவே பிற்காலத்தில் பேசியிருக்கிறார்.

ஏன் முடியாது? அவர் சொன்ன காரணங்களைப் பாருங்கள். மழைக்காலம் வந்தால் அங்கே ஆறுகள் கடல் போல் ஆகிவிடும். படைகள் ஆங்காங்கே சிதறி இருக்கின்றன. அறுவடை நேரம், சாலையும் ரயிலும் படைக்கு வேண்டுமென்றால் தானியம் போகாது. பனிக்காலம் வரை பொறுத்தால் இமயமலைக் கணவாய்கள் மூடிக்கொள்ளும், வடக்கே சீனாவைப் பற்றிய கவலை குறையும்.

எல்லாம் புவியியல் பாடம்! பருவமழை, ஆறு, கணவாய், பயிர்க்காலம். நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் அதே பாடம். டிசம்பர் 3-இல் தொடங்கிய போர் 16-இல் முடிந்தது. சுமார் 93,000 பேர் சரணடைந்தார்கள். வங்கதேசம் பிறந்தது. ஆனாலும் அந்த 13 நாளில் இரு பக்கமும் எத்தனையோ வீடுகளில் அப்பா திரும்பி வரவில்லை. சரியாகக் கணக்குப் போடுவது வெற்றிக்காக மட்டும் இல்லை, வீணாக ஒரு உயிரும் போகாமல் இருக்கத்தான் என்று மாமா சொன்னார்.

தப்பைப் படிப்பதும் படிப்புதான்

1999 கார்கில் போர் ஜூலை 26-இல் முடிந்தது. மூன்றே நாளில், ஜூலை 29-இல், 'எதிரி மலையேறி வந்தது நமக்கு எப்படித் தெரியாமல் போனது?' என்று ஆராய அரசு ஒரு குழு அமைத்தது. அதன் தலைவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்ரமணியம். அவர் துப்பாக்கி தூக்கியவர் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து, ஐ.ஏ.எஸ். ஆகி, டெல்லியில் 1965-இல் தொடங்கிய பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். அந்தக் குழுவின் அறிக்கை ரகசியப் பகுதிகளை மட்டும் நீக்கிவிட்டு எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்டது.

செங்கல்பட்டில் பிறந்த ஜெனரல் கே. சுந்தர்ஜி, மத்தியப் பிரதேசம் மாவ் நகரில் உள்ள படைக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தபோது, அணு ஆயுதம் பற்றி அஞ்சல் வழியாகவே ஒரு கருத்தரங்கு நடத்தினார். கேள்வியைப் பலருக்கும் அனுப்பிக் கருத்துகளை வாங்கி, 1981-இல் நூலாகத் தொகுத்தார். பின்னாளில் அவரே தரைப்படைத் தளபதி ஆனார். நம் சுவரிதழும் ஒரு வகையில் இப்படித்தானே? ஒருவர் எழுத, பலர் படித்துப் பேச.

தப்பான விடையைச் சிவப்பு மையில் சுழிப்பது அவமானத்துக்கு இல்லை, அடுத்த முறைக்குத்தான் என்று இதிலிருந்து தெரிந்துகொண்டேன். (என் 31-ஐப் பைக்குள் ஒளித்து வைத்தது தப்பு.)

வெலிங்டனிலிருந்து ஒரு கடிதம்

2021 டிசம்பர் 8-ஆம் நாள் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் கோவை அருகே சூலூரிலிருந்து ஹெலிகாப்டரில் புறப்பட்டார். குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தது. அந்த ஊர் மக்கள் குடத்தில் தண்ணீரும் வீட்டுப் போர்வையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். 14 பேரில் 13 பேர் அன்றே இறந்தார்கள்.

அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார் தெரியுமா? வெலிங்டன் ஸ்டாஃப் கல்லூரியில் மாணவ அதிகாரிகளுக்கு உரையாற்ற. அவரே முன்பு அங்கே படித்தவர்தான்.

அன்று உயிரோடு மீட்கப்பட்டவர் குரூப் கேப்டன் வருண் சிங். அந்தக் கல்லூரியில் பாடம் நடத்துபவர். அவரும் டிசம்பர் 15-இல் இறந்துவிட்டார். அதற்கு மூன்று மாதத்துக்கு முன், செப்டம்பரில், தான் படித்த பள்ளியின் முதல்வருக்கு அவர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். 2020-இல் கோளாறான தேஜஸ் விமானத்தைக் கைவிடாமல் பத்திரமாக இறக்கியதற்காக அவருக்குச் சௌரிய சக்ரா விருது கிடைத்திருந்த நேரம் அது. ஆனால் கடிதத்தில் அவர் விருதைப் பற்றிப் பெருமை பேசவில்லை. தான் பள்ளியில் ரொம்ப சாதாரண மாணவன், பன்னிரண்டாம் வகுப்பில் தட்டுத் தடுமாறித்தான் முதல் வகுப்பு வாங்கினேன் என்று எழுதியிருந்தார். படிப்பில் நடுத்தரமாக இருப்பது தப்பில்லை, மனசுக்குப் பிடித்ததைக் கண்டுபிடித்து அதில் முழு உழைப்பையும் கொடுங்கள், நம்பிக்கையை விடாதீர்கள் என்பது அதன் கருத்து.

இதைத் தமிழில் எனக்குச் சொன்னபோது மாமாவின் குரல் கம்மியது. விமானம் ஓட்டியவர், விருது வாங்கியவர், மேஜர்களுக்கே பாடம் சொன்னவர். அவர் நினைத்துப் பார்த்தது கடைசி பெஞ்சுப் பிள்ளைகளை!

பெண்களுக்கு இடம் உண்டா?

உண்டு. சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 1992-இல் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரி 17-இல் உச்ச நீதிமன்றம், தரைப்படைப் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. 2022-இல் நடந்த ஸ்டாஃப் கல்லூரித் தேர்வில் தரைப்படைப் பெண் அதிகாரிகள் முதல் முறையாக வெற்றி பெற்றார்கள். அதே 2022-இல் புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் 17 பேர் 2025 மே 30-இல் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

அந்தக் கழகத்தில் சேர யு.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே எழுதலாம். கணக்கு ஒரு தாள், ஆங்கிலமும் பொது அறிவும் ஒரு தாள். இதை அம்மாவிடம் சொன்னேன். "முதல்ல பத்தாவதை முடி, அப்புறம் பாக்கலாம்" என்றார். முடியாது என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

உங்களுக்குத் தெரியுமா?

வெலிங்டன் ஸ்டாஃப் கல்லூரியின் சின்னம் ஆந்தை! நம் ஊரில் ஆந்தை அலறினால் பாட்டி கதவைச் சாத்துவார். யாராவது விழித்தால் "ஆந்தை முழி முழிக்காதே" என்போம். ஆனால் மேல்நாட்டில் ஆந்தை அறிவின் அடையாளம். இருட்டிலும் பார்க்கும், சத்தம் போடாமல் பறக்கும். 'அறிவோடு போர் செய்' என்ற பொருளில் கல்லூரியின் வாசகமும் இருக்கிறது.

முடிவுரை

ஆகவே தோழர்களே, படிப்பு வராதவர்கள் போகும் இடம் பட்டாளம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். முப்பது வயது தாண்டிய மேஜரும் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகும் இடம் அது. அதே நேரம், குறைந்த மதிப்பெண் வாங்கியவன் எதற்கும் லாயக்கில்லை என்றும் சொல்ல வேண்டாம். வருண் சிங்கின் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் அரையாண்டுத் தாளில் தப்பாய்ப் போன எல்லா வாக்கியக் கணக்குகளையும் ஒரு நோட்டில் மறுபடி போட்டுக் கணக்கு ஆசிரியரிடம் காட்டினேன். இரண்டு மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. அவற்றையும் போட்டுவிடுவேன்.

சிந்திக்க: (விடையைத் தாளில் எழுதி சுவரிதழ்ப் பெட்டியில் போடவும்)
1. மாமாவின் கணக்கில் இரண்டு லாரி இருந்தால் கடைசி நடைத் தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும்? (நாலரை மணி என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள்!)
2. 1971-இல் ஏப்ரலுக்குப் பதிலாக டிசம்பரைத் தேர்ந்தெடுத்ததற்கு நம் புவியியல் பாடத்திலிருந்து இரண்டு காரணம் கூறுக.



— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி